பதினோராவது வரிசை

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கு எங்கள் பட்டறையில் பத்து ஆண்கள் வரிசையாகச் சட்டையைக் கழற்றினார்கள். புது நோட்டின் முதல் வரியை இப்படி எழுத வேண்டியிருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். பீளமேட்டில் நாங்கள் ஓர் இயந்திரக் கை செய்கிறோம். மலைமேல் படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சில் அது ஸ்கேன் கருவியின் முனையை, புரோப்பை, வைத்துப் பிடிக்கும். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் இதய மருத்துவர் டாக்டர் ஐசக், தன் மேசையிலுள்ள கைப்பிடியை அசைத்தால் அங்கே கையும் அதேபோல் அசையும். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க நோயாளி மலையை விட்டு இறங்கவே வேண்டாம். வால்பாறைக்கும் மேலே வெள்ளியருவி எஸ்டேட் மருத்துவமனையில் இந்த மாதக் கடைசியில் சோதனை. மார்ச் பதினொன்றாம் தேதி எஸ்டேட் குழு வந்து பார்த்து, கை அங்கேயே இருக்கட்டுமா, மூட்டை கட்டட்டுமா என்று சொல்லும்.

அந்தக் கையின் எலும்பெல்லாம் என் பொறுப்பு. இப்போதைய எடை ஒன்பது கிலோ. ஒரு நர்ஸ் தனியாளாகத் தூக்கிக் கட்டிலில் மாட்ட வேண்டும். இதைத் தூக்கி மாட்டினால் அப்புறம் அந்த நர்ஸுக்குத்தான் எக்கோ எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் லேத்தைப் பார்த்துக்கொள்ளும் நஞ்சப்பண்ணன் இதற்குக் ‘குந்தாணி’ என்று பழைய கல் உரலின் பேரை வைத்துவிட்டார்.

எடை குறைய வேண்டுமென்றால் வேண்டாததை வெட்ட வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிய நிஜ உடம்புகளின் அளவு வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டெக்னீசியன் ஒவ்வொருவரையும் படுக்கவைத்துக் கையாலேயே எக்கோ எடுத்தார். புரோப் எங்கே போகிறது, எவ்வளவு சாய்கிறது என்பதைக் காமிரா குறித்துக்கொண்டது. பட்டியலில் பதினோரு வரிசை. பட்டறையிலும் பதினோரு பேர். பத்து ஆண்களும் நானும்.

பத்து முடிந்ததும் எங்கள் குழுத் தலைவர் பரணிதரன் தரையிலிருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டே, “பதினொண்ணு... அத நீங்களே போட்டுருங்க, பூங்கோதை” என்றார். டெக்னீசியன் தம்பியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆகட்டும் என்றேன். போட்டாயிற்று. பட்டியல் நிரம்பிவிட்டது.

இந்த நோட்டில் உள்ளதை உள்ளபடிதான் எழுதப்போகிறேன். பொய் எழுத ஆபீஸ் ரிப்போர்ட் இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

பதினோரு வரிசையையும் கொடுத்து, எதை வெட்டலாம் என்று தேடவிட்ட கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மதியம் இரண்டு பப்ஸ். கை கழுவ மறந்து கீபோர்டு முழுக்க எண்ணெய்.

பிப்ரவரி 7, வெள்ளி

மூன்று கிலோ எண்ணூறு கிராம்! மூன்று கிலோ எண்ணூறு!

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டிடத்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். ஒன்பது கிலோவிலிருந்து மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே! இரண்டு வளைந்த கைகள், ஒன்றின் தோளில் ஒன்று. புரோப்பின் முனை தோலில் தொட்ட இடத்திலேயே நிற்கும்; புரோப்பின் உடல்தான் அந்த முனையைச் சுற்றிச் சாயும். கைகளின் நீளத்தையும் வளைவையும் லட்சம் விதமாக மாற்றிப் பார்த்து, கணினி இதைப் பொறுக்கியிருக்கிறது. பதினோரு பேரில் யாருக்குமே முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் புரோப் சாய வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேலே போகிற திறன் எதற்குச் சும்மா சுமக்க? வெட்டிப் போட்டுவிட்டது. என்ன அழகான வெட்டு!

டாக்டர் ஐசக்கிடம் போனில் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். “பெண்களோட அளவும் இதுல இருக்குல்லம்மா? அவங்களுக்குப் புரோப் கீழ இருந்து போகணும்” என்று கேட்டார்.

“இருக்கு சார். பதினோராவது வரிசை.”

ஒரு தடவைதான் கேட்டார். எனக்கென்னவோ நாலு தடவை கேட்டதுபோல இருந்தது. ராத்திரி அம்மா பிரியாணி செய்தாள்.

பிப்ரவரி 17, திங்கள்

நஞ்சப்பண்ணன் கடைந்து கொடுத்துவிட்டார். அலுமினியம் பளபளக்கிறது. ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினேன்.

“ஏனுங்க அம்மிணி, குந்தாணிய எங்கீங்க? இது தட்டான் பூச்சியாட்டம் இருக்குது” என்றார்.

அதுதான் பேர். தட்டான். பெயின்டால் எழுதியும் வைத்துவிட்டேன். பரணிதரன் மேல் படுத்துப் பார்த்தோம்; அச்சு அசலாக அவர் உடம்புக்கென்றே தைத்ததுபோல் பொருந்தியது.

(மேலே உள்ள வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். பரணிதரன் படுத்தார், தட்டான் மேலே நின்றது என்று படிக்கவும்.)

பிப்ரவரி 24, திங்கள்

ஏறியாயிற்று! ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பரணிதரனுக்கு ஒன்பதாவதிலேயே முகம் வெளுத்துவிட்டது, பாவம். எனக்கு ஒன்றுமில்லை. பதினேழில் நான் வண்டியை நிறுத்தச் சொன்னது காட்சி பார்க்க. இருபத்து நாலிலும் முப்பத்தொன்றிலும்கூடக் காட்சிதான். காலையில் தின்ற தோசை மாவு புளித்திருந்தது, அது வேறு விஷயம்.

எஸ்டேட் மருத்துவமனையில் சிஸ்டர் அருள்மேரி என்று ஒருவர். இருபது வருடமாக இங்கே இருக்கிறார். தட்டானை ஒரு கையால் தூக்கி, கட்டில் கம்பியில் மாட்டி, திருகி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா? பெட்டியில வேற ஏதோ இருக்குன்னு நெனச்சேன்.”

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிடித்தேன்.

மதியத்துக்குள் நான்கு பேர். நால்வரும் ஆண்கள், நான்கும் அருமையான படம். கோயம்புத்தூரில் டாக்டர் விரலை அசைக்க, இங்கே தட்டான் குனிகிறது, நிமிர்கிறது. திரையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை டிரைவரின் இதயம் டப் டப்பென்று துடிக்கிறது. அந்த மனிதர் தன் இதயத்தைத் தானே பார்த்துவிட்டு, “பரவால்லையே, நல்லாத்தான் வேல செய்யுது” என்றார். நான் வெளியே போய் ஒரு குதி குதித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எப்படி எழுதுவது.

காலையில் பேச்சித்தாய் வந்தார். முப்பத்தெட்டு வயது, கொழுந்து பறிக்கிறவர். தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நடக்கிற தூரத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார். முதுகுக்கு இரண்டு தலையணை இல்லாமல் படுக்கவே முடியவில்லை. சிஸ்டர் ஒரு சேலையைக் குறுக்கே கட்டி மறைத்தார். பரணிதரன் லேப்டாப்போடு வெளியே போய்விட்டார். உள்ளே நாங்கள் மூன்று பெண்கள், ஸ்பீக்கரில் டாக்டரின் குரல்.

நெஞ்செலும்பின் பக்கத்தில் முதல் படம் சுமாராகக் கிடைத்தது.

“வால்வு சரியாத் தெரியல. மார்புக்கு அடியில வந்து மேல் நோக்கிப் பாக்கணும்” என்றார் டாக்டர். சிஸ்டர் மார்பை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தட்டான் கீழே வந்தது, சாய்ந்தது, சாய்ந்தது, பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. முப்பத்தைந்து டிகிரி.

“இன்னும் சாயணும். ஏன் நிக்குது?”

தலையணையை மாற்றினோம். கட்டிலைத் தூக்கினோம். இடத்தை மாற்றி மாட்டினோம். ஒவ்வொரு தடவையும் முப்பத்தைந்தில் பீப். திரையில் சாம்பல் மூட்டம்தான். அரை மணி கழித்து டாக்டர், “விட்டுருங்க. அவங்கள கோயம்புத்தூர் அனுப்பிருங்க” என்றார்.

பேச்சித்தாய் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தார். “நான் எறங்க மாட்டேன். போன வருசம் எறங்குனேன். பாதி வளைவுல வாந்தியும் மூச்சுமுட்டும் ஒண்ணா வந்து, செத்துட்டேன்னே நெனச்சானுவ. கீழ போனா அன்னைக்கி டாக்டரு லீவு. வெறுமன பாக்குறதுக்குன்னு இனி எறங்க மாட்டேன், ஆமா.”

அப்புறம் தட்டானைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“ஏ பிள்ள, இது ஆம்பளையளுக்கு மட்டும் செஞ்ச மிசினா?”

பிப்ரவரி 26, புதன்

மெத்தை ரொம்பக் குழைவு. கட்டில் கம்பி பழைய மாடல். நெட்வொர்க்கும் மந்தம். காரணங்கள் பல.

பதினோராவது வரிசையைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மருத்துவமனை எதிரில் டீக்கடை. பரணிதரன் மெத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்தேன். “பதினோராவது வரிசை பொய். நான் யார்கிட்டயும் அளவு குடுக்கல. சும்மா நம்பர் போட்டேன்.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அது என்னோட நம்பர்தானுங்க. என் வரிசைய அப்படியே எடுத்து பாயிண்ட் ஒன்பதால பெருக்கி வச்சிருக்கீங்க. அன்னிக்குச் சாயங்காலமே பாத்துட்டேன்.”

டம்ளரை மேசையில் வைத்தேன். “பாத்துட்டு ஏன் கேக்கல?”

“எப்படிங்க கேக்கறது? ‘சட்டையக் கழட்டி அளவு எடுத்தீங்களா’ன்னு உங்ககிட்ட எப்படிங்க கேக்கறது? பொம்பளை டெக்னீசியனக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கலாம். அதச் சொல்லக்கூட நாக்கு எழல.”

டீக்கடை என்றும் பார்க்காமல் நான் போட்ட சண்டையில் கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார். பரணிதரன் கேட்க வெட்கப்பட்டார், நான் படுக்க வெட்கப்பட்டேன். எங்கள் ரெண்டு பேர் வெட்கத்தையும் சேர்த்துக் கணினி நம்பியது. அது ஒரு பாவமும் அறியாது. பெண்ணென்றால் பரணிதரனைவிடப் பத்துச் சதவீதம் சின்னதாக இருக்கிற பரணிதரன் என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம்? அது வெட்டியது எதை? பேச்சித்தாய்க்கு வேண்டியதை. அந்த வெட்டைக் கொண்டாடித்தான் அன்றைக்கு நான் பிரியாணி தின்றிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டருக்குப் போன் போட்டு அதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் பேச்சித்தாயைப் பற்றித்தான் பேசினார். “வால்வு சுருங்கிப்போச்சுன்னுதான் நெனக்கிறேன். எவ்வளவுன்னு பாக்காம நான் எதையும் தொட முடியாது. இப்போதைக்கு நீர் இறங்க மாத்திரை தரேன், அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். பதினொண்ணாம் தேதிக்குள்ள அந்தக் கைய சரி பண்ண முடியுமாம்மா?”

முடியும் என்றேன். எப்படி என்று தெரியாமலே சொன்னேன்.

மார்ச் 2, ஞாயிறு

கோயம்புத்தூர். நேற்று ராத்திரியே பட்டறையின் பத்து ஆண்களுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: ஆளுக்கொரு பெண்ணோடு வராதவர்கள் வரவே வேண்டாம்.

வந்தார்கள்! நஞ்சப்பண்ணனின் மனைவி சரஸாள் அக்கா, பரணிதரனின் அம்மா, கேன்டீன் அக்கா, யாரோ ஒருவரின் மாமியார், ஒருவரின் தங்கை... ஒல்லி, பருமன், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர் எல்லாருமாகப் பத்து. டாக்டரின் ஆஸ்பத்திரியிலிருந்து ஷாகிரா என்ற டெக்னீசியன் லீவு நாளில் வந்தார். ஆண்கள் எல்லோரும் வெயிலில் வெளியே.

“நீங்களே மேல வந்து ஒரு அம்மாவுக்கு எடுத்துக் குடுக்க முடியாதா?” என்று ஷாகிராவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“ஒரு நாள் நான் மலைக்குப் போனா இங்க நாப்பது பேர் வராண்டாவுல உக்காந்திருப்பாங்க. அதுக்குத்தான் நீங்க மிஷின் செய்றீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

முதலில் நான் படுத்தேன். இடப்பக்கம் ஒருக்களித்து, இடது கையைத் தலைக்கு மேலே வைத்து. ஜெல் சில்லென்று இருந்தது. வேறொன்றுமில்லை. ஒரு மாதமாக நான் பயந்து செத்தது இந்தச் சில்லுக்கா? ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுந்திருக்கும்போது சரஸாள் அக்கா, “அவ்வளவுதானுங்களா? தள்ளு தள்ளு, அடுத்து நானு” என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

பதினோராவது வரிசையில் இருந்ததை அழித்துவிட்டு உண்மையைப் போட்டேன். அதன் கீழே இன்னும் பத்து வரிசை.

மார்ச் 4, செவ்வாய்

சாய வேண்டியது ஐம்பத்திரண்டு டிகிரி! எனக்கே நாற்பத்தாறு! முப்பத்தைந்தாம் முப்பத்தைந்து!

கணினி புது வடிவம் தந்துவிட்டது. மேல் கை முன்பைவிட இருபத்திரண்டு மில்லிமீட்டர் குட்டை. முழங்கையில் வாத்துக் கழுத்துபோல ஒரு வளைவு; அதனால் அது மெத்தையில் இடிக்காமல் அடியிலிருந்து நுழையும். எடை நாலு கிலோ நூறு கிராம். என் மூன்று எண்ணூறு போயே போய்விட்டது. பத்து நிமிடம் துக்கம் கொண்டாடினேன். சிஸ்டர் அருள்மேரியின் தோளை நினைத்துக்கொண்டேன். முந்நூறு கிராம் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

மார்ச் 8, சனி

நஞ்சப்பண்ணன் மூன்று நாளாக லேத்தை விட்டு நகரவில்லை. வாத்துக் கழுத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. “எம்பட பொண்டாட்டி அளவு இதுல இருக்குதுங்க. கோணலாக் கடைஞ்சா வீட்டுல சோறு கிடைக்காதுங்” என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

எழுத்து எப்படி வந்தாலும் சரி, இப்போதே எழுதிவிடுகிறேன்.

எஸ்டேட் குழு நான்கு பேர் வராண்டாவில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் வர மாட்டார் என்றே நினைத்திருந்தேன். வந்தார். “இப்பமாச்சும் இதுக்குப் பொம்பளைன்னா என்னன்னு சொல்லிக் குடுத்தியா?” என்று கேட்டுக்கொண்டே படுத்தார்.

“நானே படுத்துச் சொல்லிக் குடுத்தேங்க்கா.”

“அப்பிடிச் சொல்லு.”

சேலை மறைப்பு. சிஸ்டரின் கை. ஸ்பீக்கரில் டாக்டர். தட்டான் கீழே வந்தது. முப்பது. முப்பத்தைந்து. என் காது பீப்புக்காகத் தயாராக இருந்தது. முப்பத்தாறு. நாற்பது. சத்தமில்லை. நாற்பத்தெட்டு. வாத்துக் கழுத்து மெத்தையை ஒட்டி, தொடாமல் நுழைந்தது. ஐம்பத்தொன்று.

“நில்லுங்க. யாரும் அசையாதீங்க” என்றார் டாக்டர்.

மூட்டம் விலகி, திரை முழுக்கப் பேச்சித்தாயின் இதயம். நான்கு அறையும் தெரிந்தது. நடுவில் வால்வு, துருப்பிடித்த கதவு மாதிரி, கொஞ்சமாகத் திறந்து கொஞ்சமாக மூடியது. நான் அழுதுவிட்டேன். சிஸ்டரும் அழுதார், கையை மட்டும் எடுக்கவில்லை. டாக்டர் அளந்தார், திரும்ப அளந்தார். பன்னிரண்டு நிமிடம்.

“பாதி கூடத் திறக்கல. ஆனா வால்வு கெட்டிப்படல. பலூன் வச்சு விரிச்சிரலாம், நெஞ்சத் திறக்க வேண்டியதில்ல. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கஷ்டம்.”

அதற்கு மலையை விட்டு இறங்க வேண்டுமே! பேச்சித்தாய் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன எல்லாரும் முழிக்கிய? பாக்குறதுக்குத்தான் எறங்க மாட்டேன்னேன். சரி பண்றதுக்கு மாட்டேன்னு எவ சொன்னா? ஆனா இந்தப் பிள்ள என் கூட வரணும். வழியில என்னமும் ஆச்சுன்னா இவதான் பொறுப்பு.”

குழுக்காரர்கள் அடுத்த நோயாளியையும் அதற்கடுத்தவரையும் பார்த்தார்கள். இருவரும் பெண்கள், இருவருக்கும் படம் தெளிவாக வந்தது. தட்டான் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். பரணிதரன் என்னிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினார், டைல்ஸைப் பார்க்காமல் நேராக முகத்தைப் பார்த்து.

மார்ச் 17, திங்கள்

இறங்கினோம். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன், பத்து பிளாஸ்டிக் பை, எலுமிச்சம்பழம். பேச்சித்தாய்க்காக எல்லாம் நானே எடுத்து வைத்தேன்.

உள்ளதை உள்ளபடி எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? எழுதுகிறேன். பிப்ரவரி இருபத்து நாலாம் தேதி நான் காட்சி பார்க்கவில்லை. மூன்று இடத்திலும் வாந்திதான். தோசை மாவு புளிக்கவில்லை.

இன்றைக்கு எட்டு இடம். பத்துப் பையில் எட்டுப் பை எனக்கே. பேச்சித்தாய்க்கு டாக்டர் தந்த மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆக்சிஜன் குழாயோடு சௌகரியமாகச் சாய்ந்திருந்தவர், எட்டாவது தடவை என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம், “மெல்லப் போ அண்ணாச்சி, என்னயப் பாத்துக்கிட வந்தவ சீரப் பாரு” என்று சிரித்தார். மூச்சு வாங்காமல் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மார்ச் 20, வியாழன்

நேற்று பலூன் வைத்து விரித்தாயிற்று! வால்வு இரண்டு மடங்கு திறக்கிறது! இன்று காலை நான் போனபோது இரண்டு தலையணையும் கட்டிலின் கீழே கிடந்தன. மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக இப்படிப் படுத்ததில்லையாம். எழுப்ப மனமில்லாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஐசக் வந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும் என்றார்.

“பாத்துருவோம்” என்றார் பேச்சித்தாய். “நான் மேலயே படுத்துக்கிடுதேன், சிஸ்டர் மிசின மாட்டிருவா, நீங்க இங்கனயே இருந்து பாருங்க. எனக்கு இனி இந்த மலையில எறக்கமும் இல்ல, ஏத்தமும் இல்ல.” என் பக்கம் திரும்பினார். “மிசினுக்கு எண்ண போட, திருகு முறுக்க யாரு வருவா?”

“நான்தாங்க்கா.”

“அப்ப நாப்பது வளைவும் இனி உனக்குத்தான்.”

அடுத்த எக்கோ ஜூன் பதினேழு, செவ்வாய். வெள்ளியருவி. நாற்பது வளைவுக்கும் வாந்தி வராமலிருக்க இஞ்சி மரப்பா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போக வேண்டும்.